எந்த வீட்டுக்கு?

போன வருடம் ஜூலையில் என் மகனுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் உள்ளங்கை, அதில் நாலைந்து சிவப்புக் கொப்புளம். முகம் படத்தில் இல்லை. ஆனால் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை வைத்தே அது யார் வீட்டுப் பையன் என்று பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். தக்காளிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்கிறோமே, கை, கால், வாயெல்லாம் கொப்புளம் போடுமே, அது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது வருவது ஒன்றும் புதிதில்லை, ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும். இருந்தாலும் அன்றைக்குக் குழுவில் வந்த செய்திகளைப் பார்த்தால் வகுப்பறைக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். நானும் எழுதினேன். "மிஸ், சரியாகுற வரைக்கும் அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிடுங்க." பக்கத்தில் ஒரு கும்பிடு. பதினேழு பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள்.

தப்பாக எதுவும் எழுதிவிடவில்லை. எந்த டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நாலு நாள் கழித்துப் பள்ளி வாசலில் ஆயாம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்தப் பையனின் அம்மா ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். லீவு போட்டால் அன்றைய சம்பளம் இல்லை. வீட்டில் பத்து மாதக் கைக்குழந்தை ஒன்று, பகலில் பக்கத்து வீட்டுப் பெண்தான் பார்த்துக்கொள்கிறது. பெரியவனும் இப்போது அதே அறையில். கைக்குழந்தைக்கும் வந்துவிட்டதாம், பால் குடிக்க முடியாமல் வாயெல்லாம் புண்ணாம். "வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று நான் தட்டியபோது என் மனசில் இருந்த வீடு எது என்று அன்றைக்கு இரவெல்லாம் யோசித்தேன். தனி அறை, தனிக் கட்டில், லீவு எடுத்துக்கொள்ளக்கூடிய அம்மா. என் வீடுதான் அது.

இதில் எனக்குக் கூடுதலாக உறுத்த ஒரு காரணம் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் சொறி சிரங்கு. விரலிடுக்கெல்லாம் பொரிந்துபோய் இருக்கும். டீச்சர் முதலில் என்னை வராந்தாவில் தனியாக உட்கார வைத்தார், அப்புறம் வீட்டுக்கே போகச் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க, மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோனது இன்றைக்கும் கால்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படி நடந்தவள்தான் முப்பது வருடம் கழித்து அந்த வரியைத் தட்டினாள்.

காலாண்டு விடுமுறைக்குத் தம்பி வீட்டுக்கு நியூஜெர்சி போனோம். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு நாள் மன்ஹாட்டன் கூட்டிப்போனான். மழை வந்ததால் ஒதுங்குவதற்காகத்தான் ஆர்ச்சர்ட் தெருவில் 97-ம் எண் கட்டடத்துக்குள் போனோம் என்று சொன்னால் அந்த அருங்காட்சியகத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதுதான் உண்மை. 1863-ல் கட்டிய அடுக்குக் குடியிருப்பு. ஒரு வீடு மொத்தமே 325 சதுர அடி, அதில் மூன்று அறை. 1935 வரை அந்த ஒரே கட்டடத்தில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்துபோயிருக்கிறார்கள். உள் அறையில் வெளிச்சமே இல்லை. வழிகாட்டிப் பெண் அந்த அறையைக் காட்டி, குழந்தைக்குத் தட்டம்மையோ தொண்டை அடைப்பானோ வந்தால் இங்கேதான் படுக்க வைப்பார்கள், முன்னறையில் அப்பா தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருப்பார் என்றார். எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. அம்மா தீப்பெட்டி ஒட்டுவார், நாங்கள் நாலு பேர் அந்தப் பசை வாசத்திலேயே ஒரே பாயில் தூங்குவோம். அங்கிருந்து திரும்பியதிலிருந்து அந்தக் கட்டடம் இருக்கும் லோயர் ஈஸ்ட் சைடு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு பேட்டையில், 1900-ஐ ஒட்டிய இருபது வருடத்தில், பிள்ளைகளின் தொற்றுநோயைக் கட்டுப்படுத்த என்னவெல்லாம் செய்தார்கள், அதில் எது பலித்தது, எது கல்லெறியில் முடிந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு மணி நேர டாக்டர்கள்

ரஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூதர்கள், இத்தாலியின் தெற்கிலிருந்து வந்த கூலிகள், எல்லோரும் வந்து இறங்கிய இடம் அது. பள்ளிக்கூடங்கள் பிதுங்கின. பிதுங்கிய பள்ளியில் நோய் எப்படிப் பரவும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நியூயார்க் சுகாதாரத் துறை 1897-ல் பள்ளிகளுக்கு மருத்துவ ஆய்வாளர்களை நியமித்தது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேர வேலை, மாதம் 30 டாலர். டாக்டர் காலையில் வருவார், ஆசிரியை சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்திருக்கும் பிள்ளைகளை வரிசையாகப் பார்ப்பார், நோய் இருந்தால் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அவ்வளவுதான். மருந்து கொடுப்பது அவர் வேலையில்லை.

1902-ல் இதை இன்னும் கடுமையாக்கினார்கள். டிஃப்தீரியா (அதுதான் தொண்டை அடைப்பான்), தட்டம்மை, ஸ்கார்லெட் காய்ச்சல் மட்டுமில்லை, பேன், படர்தாமரை, சிரங்கு, இமைக்குள் புண்ணாகிப் பார்வையையே பறிக்கக்கூடிய டிரக்கோமா, எது இருந்தாலும் வெளியே. அந்த செப்டம்பர் மாதம் மட்டும் 10,567 குழந்தைகளைப் பள்ளியிலிருந்து விலக்கினார்கள். வகுப்புகள் காலியாகின. காகிதத்தில் பார்த்தால் பெரிய வெற்றி, தொற்று இருக்கும் பிள்ளை ஒன்றுகூட வகுப்பில் இல்லையே.

ஆனால் அந்தப் பத்தாயிரம் பேர் எங்கே போனார்கள்? தெருவுக்குத்தான். அம்மா முன்னறையில் தைக்கிறாள், உள்ளே இருட்டறை, பிள்ளை எங்கே போகும்? சாயங்காலம் பள்ளி விட்டதும் அதே வகுப்புப் பிள்ளைகளோடு அதே நடைபாதையில் கோலி விளையாடும். வகுப்பில் ஒட்டாத பேன் அங்கே ஒட்டிக்கொள்ளும். கையில் கொடுத்த சீட்டில் எழுதியிருப்பது ஆங்கிலம், அம்மாவுக்குத் தெரிந்தது யூதர்கள் பேசும் இத்திஷ். பாதிச் சீட்டு வழியிலேயே தொலைந்திருக்கும். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் பள்ளிப் பக்கமே போகவில்லை, காரணம் வெறும் தலைப்புண்.

இந்தத் தலைப்புண் விஷயத்தில் ஒரு பையன் வருகிறான். லில்லியன் வால்ட் என்கிற செவிலியர் 1893-ல் அந்தப் பேட்டையிலேயே ஒரு குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் குடிவந்திருந்தார், பின்னால் ஹென்றி தெரு 265-ம் எண்ணில் செவிலியர் இல்லம் தொடங்கியவர் அவர்தான். வந்த புதிதில் ஒரு வீட்டில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கசாப்புக் கடைக்காரர்களின் மேலங்கிகளைத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்க்கிறார். அவளுடைய பன்னிரண்டு வயது மகனுக்குத் தலையில் புண். மருந்தகத்துக்குப் பலமுறை போயிருக்கிறான், களிம்பும் வாங்கியிருக்கிறான். அதை எப்படிப் போடுவது என்று சரியாகக் காட்டிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. பள்ளிக்குப் போகும்போதெல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், தெருப் பெயரைக்கூட அவனால் வாசிக்க முடியாது. வால்ட் அதே களிம்பை ஒழுங்காகப் போட்டுவிட்டார், புண் ஆறியது, செப்டம்பரில் வாழ்க்கையில் முதன்முறையாகப் பள்ளிக்குப் போனான். மறுநாள் மதிய இடைவேளையில் ஐந்து மாடியும் ஓடி ஏறி வந்து, அன்று காலையில் கற்றுக்கொண்ட வார்த்தைகளை அவரிடம் எழுத்துக்கூட்டிக் காட்டியிருக்கிறான். இதைப் படித்தபோது நான் மெட்ரோ ரயிலில் இருந்தேன், பக்கத்து சீட்டுப் பெண் "என்ன மேடம் ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும்

1902 செப்டம்பரின் காலி வகுப்புகளைப் பார்த்ததும் வால்ட் சுகாதாரத் துறையிடம் ஒரு பேரம் பேசினார். என் செவிலியர் ஒருவரை ஒரு மாதத்துக்குத் தருகிறேன், வைத்துப் பாருங்கள் என்று. அக்டோபர் 1-ம் தேதி லினா ராஜர்ஸ் என்கிற கனடாக்காரப் பெண் வேலையைத் தொடங்கினார். நாலு பள்ளிக்கூடம், கிட்டத்தட்ட 10,000 பிள்ளைகள், ஒரே ஒரு செவிலியர்.

அவர் செய்ததில் அதிசயம் எதுவும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. சிரங்கா, பொருக்கை ஊறவைத்து எடுத்துவிட்டுக் களிம்பு போட்டு வகுப்புக்கு அனுப்பு. படர்தாமரையா, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மருந்து தடவி, மூடிக் கட்டி வகுப்புக்கு அனுப்பு. பேனா, மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சரிபாதி கலந்து தலையில் ஊறவைத்து மறுநாள் அலசச் சொல்லு. (நம் பாட்டிமார் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.) பள்ளி வேலை முடிந்ததும் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு விலக்கப்பட்ட பிள்ளைகளின் வீட்டுக்குப் போவார். அம்மாவின் கண் முன்னாலேயே ஒருதரம் செய்து காட்டுவார். அந்த வீட்டில் இதே நோயோடு வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். டிஃப்தீரியா மாதிரிப் பெரிய நோய் என்றால்தான் வகுப்புக்கு வெளியே, மற்றதெல்லாம் மருந்து போட்டுக்கொண்டே வகுப்புக்குள்ளே.

ஒரு மாதம் முடிந்ததும் நகராட்சியே சம்பளம் கொடுத்துச் செவிலியர்களை எடுக்க ஆரம்பித்தது. 1903 செப்டம்பரில் விலக்கப்பட்டவர்கள் 1,101 பேர். பத்தில் ஒன்று. புதிதாக மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, தடுப்பூசி வரவில்லை, வீடுகள் பெரிதாகிவிடவில்லை. ஹென்றி தெரு இல்லத்தின் பழைய புகைப்படம் ஒன்று உண்டு, நீளப் பாவாடை கட்டிய ஒரு செவிலியர் கையில் பையோடு மொட்டைமாடிச் சுவரைத் தாண்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கட்டடத்திலும் ஐந்து மாடி இறங்கி ஏறுவதற்குப் பதிலாக மாடிக்கு மாடி தாவிப் போய்விடுவார்களாம். அந்தப் படத்தை என் போனில் முகப்பாக வைத்திருக்கிறேன்.

கழுத்தை அறுக்கிறார்கள்

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல கதை. எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அதே பேட்டையில், அதே பள்ளிகளில், நாலு வருடம் கழித்து நடந்த ஒன்றைப் படித்த பிறகு நான் கொஞ்ச நாள் எதையும் எழுத முடியாமல் இருந்தேன்.

அந்தக் காலத்தில் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதைமேல் டாக்டர்களுக்கு ஒரு கண். பிள்ளை வாயால் மூச்சு விடுகிறதா, அடிக்கடி தொண்டைக்கட்டா, காது மந்தமா, கணக்கு வரவில்லையா, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம், சுரண்டி எடுத்துவிடு. 1906 ஜூனில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியைக்கு நல்லெண்ணத்தில் ஒரு யோசனை. இத்தனை பிள்ளைகளுக்கு அறுவை தேவை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், பெற்றோரோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதில்லை, போனால் ஒரு நாள் கூலி போகும். சரி, டாக்டர்களையே பள்ளிக்கு வரவழைத்துவிட்டால்? மவுண்ட் சினாய் மருத்துவமனை டாக்டர்கள் வந்தார்கள். பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. என்ன, சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே 80-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அறுவை முடிந்தது.

சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள், வாயில் ரத்தம் ஒழுக, பேச முடியாமல். அந்தத் தெருவின் அம்மாக்கள் யார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1903-ல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவில் யூதர்களை வெட்டிக் கொன்ற செய்தி அவர்களுக்குப் பழைய செய்தி இல்லை, பல பேருக்குச் சொந்தக்காரர்கள் செய்தி. அதே 1906 ஜூனின் நடுவில் அதே பேரரசின் பியாலிஸ்டாக்கில் இன்னொரு படுகொலை, அதைப் பற்றி இத்திஷ் பத்திரிகைகளில் அப்போதுதான் தினமும் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் ரத்தம் வழியும் வாயோடு பிள்ளை வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று தெருவில் யாரோ சொன்னார்கள். ஜூன் 27 காலை, ஆயிரக்கணக்கான பெண்கள் பள்ளிகளை நோக்கி ஓடினார்கள். அறுவை நடந்த பள்ளி மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்துப் பள்ளிகள் அத்தனையும். கல்லெறிந்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள், கதவை முட்டினார்கள். போலீஸ் வந்தது. பிள்ளைகளை அவசர அவசரமாக வெளியே விட்ட பிறகுதான் அடங்கியது. ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைகள் சிரித்தன. அறியாமை, பட்டிக்காட்டுத்தனம், நல்லது செய்ய வந்தவர்களைக் கல்லால் அடிக்கிறார்கள் என்று. முதல் முறை படித்தபோது நானும் சிரித்தேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2017 பிப்ரவரியில் நம் ஊரில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது எங்கள் தெருவில் ஊசி போட விடமாட்டேன் என்று நின்ற பெற்றோரைப் பார்த்து எப்படிச் சிரித்தேனோ அதே சிரிப்பு. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஊசியை மறுக்கிறார்களே என்று என் அக்கா பெண்ணுக்குப் படிவத்தில் நான்தான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன், அந்தப் பெருமை வேறு. ஆனால் எனக்கு அந்தப் படிவத்தை வாசிக்கத் தெரியும். சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்க ஒரு டாக்டர் தோழி உண்டு. யாரும் என்னைக் கேட்காமல் எதையும் செய்துவிட மாட்டார்கள் என்கிற தைரியம் உண்டு. இது எதுவும் இல்லாமல், ரத்தம் ஒழுகும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பவளின் அறிவை நான் எந்தத் தராசில் நிறுக்கிறேன்?

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் குரூரமானது. ஊசியில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் இல்லை, தட்டம்மை ஊசி உயிர் காக்கும், அதில் அந்தப் பெற்றோர் நினைத்தது தப்புதான். ஆனால் 1906-ன் அம்மாக்கள் முழுக்கத் தப்பா? 1934-ல் அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் அதே நியூயார்க்கில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தது. 611 பேருக்கு ஏற்கெனவே டான்சிலை எடுத்தாயிற்று. மீதி 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள், 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். நன்றாக இருக்கிறது என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினால் அதில் 99 பேருக்கு எடுக்க வேண்டுமாம். மிச்சம் 116 பேரை மறுபடியும் காட்டினால் 51 பேருக்கு. கடைசியில் தப்பித்தவர்கள் ஆயிரத்தில் 65 பேர். அதாவது டாக்டர் பிள்ளையின் தொண்டையைப் பார்த்துச் சொல்லவில்லை, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எடுக்க வேண்டும் என்கிற பழக்கத்தில் சொல்லியிருக்கிறார். டான்சிலும் அடினாய்டும் ஒரே மோகத்தின் இரண்டு முனைகள்தான், பெரும்பாலும் சேர்த்தேதான் எடுத்தார்கள். கல்லெறிந்த அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர்கள் பயந்தது வேறு எதற்கோ. இருந்தாலும் சிரித்தவர்களுக்குச் சிரிக்கிற அளவுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாள் யோசித்தேன். இரண்டிலும் ஏழைப் பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்கள்தான், இரண்டிலும் அம்மாவின் ஒரு நாள் கூலியை நினைத்துப் பார்த்தவர்கள்தான். லினா ராஜர்ஸ் படியேறிப் போய் அம்மாவின் முன்னால் செய்து காட்டினார். 1906-ல், அம்மா வீட்டிலேயே இருக்க, அவளுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்து மாடி வித்தியாசம்.

பேக்கர் என்கிற பிடிவாதக்காரி

அதற்குப் பிறகு வந்தவர் சாரா ஜோசஃபின் பேக்கர். அவரும் அந்த 30 டாலர் ஒரு மணி நேர டாக்டராகத்தான் தொடங்கினார், அந்த வேலை வெறும் கண்துடைப்பு என்று பின்னால் எழுதினார். 1907-ல் தனக்கே தெரியாமல் டைபாய்டைப் பரப்பிய சமையல்காரி 'டைபாய்டு மேரி'யைப் பிடித்துக்கொண்டு போனதில் அவருக்கும் பங்கு உண்டு, ஆனால் அது வேறு கதை. 1908 கோடையில், பள்ளி விடுமுறையில் சும்மா இருந்த 30 பள்ளிச் செவிலியர்களை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார். கிழக்குப் பகுதியில் இத்தாலியர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு வட்டாரம். பிறப்புப் பதிவேட்டிலிருந்து தினமும் புதுக் குழந்தைகளின் முகவரியை எடுத்துக்கொள்வார்கள், மறுநாளே அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நோய் வந்த பிள்ளையைத் தேடிப் போகவில்லை, நல்லா இருக்கும் பிள்ளையைத் தேடிப் போனார்கள். தாய்ப்பாலை நிறுத்தாதே, ஜன்னலைத் திற, இந்த வெயிலில் இத்தனை துணி சுற்றாதே, தினமும் குளிப்பாட்டு. கோடை என்றாலே கெட்டுப்போன பாலும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போகும் ஊர் அது. அந்தக் கோடையில் அந்த வட்டாரத்தில் முந்தைய கோடையைவிட 1,200 குழந்தைகள் குறைவாக இறந்ததாக அவர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆகஸ்டிலேயே நகராட்சி குழந்தை நலத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கி அவரைத் தலைவராக்கியது. அவருக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று ஆறு ஆண் டாக்டர்கள் ராஜினாமா செய்ய, ஒரு மாதம் இருந்து பாருங்கள் என்று சொல்லி நிறுத்தி வைத்தாராம். பின்னால் புரூக்ளின் டாக்டர்கள் சிலர் மேயருக்கு ஒரு மனு கொடுத்தார்கள். இந்தப் பிரிவை மூடுங்கள், குழந்தைகளை ஆரோக்கியமாக வைத்து எங்கள் தொழிலைக் கெடுக்கிறது என்று. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

1916-ல் போலியோ வந்தபோது எல்லாம் மறந்துபோனது. நியூயார்க்கில் மட்டும் சுமார் 2,400 பேர் செத்தார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். முதலில் புரூக்ளினில் இத்தாலியர்கள் வாழ்ந்த இடத்தில் தெரிந்ததால் அழுக்குத்தான் காரணம் என்று முடிவு செய்து தெருவெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். வீட்டில் தனி அறையும் தனிக் கழிவறையும் தனிப் பணிப்பெண்ணும் இருந்தால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். யார் பிள்ளை போகும் என்று சொல்லவா வேண்டும். அம்மாக்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் நெருக்கடியான மன்ஹாட்டனைவிட அதே நகரத்தில் வெட்டவெளியாகக் கிடந்த ஸ்டேட்டன் தீவில்தான் அந்த நோய் மக்கள்தொகைக்கு அதிகமாகத் தாக்கியது.

ஆனால் 1918 இலையுதிர் காலத்தில் இன்ஃப்ளூயென்சா வந்தபோது நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம். அமெரிக்காவில் ஊர் ஊராகப் பள்ளிகளை மூடினார்கள். நியூயார்க் மூடவில்லை. நகரத்தில் கிட்டத்தட்ட பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகள், அதில் ஏழரை லட்சம் பேர் அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள் என்று சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் கணக்குச் சொன்னார். பேக்கர் சொன்ன நியாயம் எளிமையானது. பள்ளியில் பெரிய ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறது, தினமும் காலையில் பார்க்க டாக்டரும் செவிலியரும் இருக்கிறார்கள், தும்முகிற பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் இருக்கிறது. மூடினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போகும்? பதினாறு வருடத்துக்கு முன்னால், அதே நகரத்தில், நோய் என்றால் வீட்டுக்கு அனுப்பு என்று ஆரம்பித்தவர்கள், எந்த வீட்டுக்கு என்று கேட்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அது எல்லா ஊருக்கும் சரிவருமா என்றால் வராது, பதினாறு வருடம் செவிலியர்களை வளர்த்த ஊருக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

அம்மாவிடம் கேட்டது

இதையெல்லாம் ஒரு நாள் போனில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் என்னை வீட்டுக்கு அனுப்பியது ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். "அனுப்புனாக, ஆனா அந்த நர்சம்மா வந்தாகல்ல?" என்றார். எந்த நர்சம்மா? எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்தது. கத்தரிப்பூ நிறச் சேலை, சைக்கிள், பால் மாதிரி வெள்ளையாக ஒரு பாட்டில் மருந்து, அந்த எரிச்சல். "ஒன் புள்ளைக்கு மட்டும் போட்டா போகாது தாயி, வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல கழுத்துலருந்து கால் வரைக்கும் தேய்க்கணும், பாய் போர்வையெல்லாம் சுடுதண்ணில போடணும்னு சொல்லி, நின்னு பாத்துட்டுத்தான் போனாக. ஒங்க அப்பா மாட்டேன்னாரு, அவருக்கும் போட வச்சுட்டுத்தான் சைக்கிள எடுத்தாக." பத்து நாளில் நான் பள்ளிக்குத் திரும்பிவிட்டேனாம். வராந்தாவையும் மஞ்சள் பையையும் முப்பது வருடமாகச் சுமக்கிறேன், அந்த நர்சம்மாவின் முகத்தை ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

மறுநாள் வகுப்புக் குழுவில் அந்தப் பையனின் அம்மா எண்ணைத் தேடி எடுத்தேன். அழைப்பதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. சம்பவம் நடந்து நாலு மாதம் ஆகிறது, இப்போது போய் என்னவென்று பேசுவது? கடை மூடும் நேரம் பார்த்து இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன். இன்னாருடைய அம்மா என்று சொன்னதும் அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது.

"ஐயோ மேடம், உங்க பையனுக்கும் வந்துடுச்சா?"

இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன், சின்னக் குழந்தை இப்போது எப்படி இருக்கு என்றேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அவர் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "நடக்க ஆரம்பிச்சுட்டா மேடம்" என்றார்.